சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்த எட்டாவது எபிசோட்

மூன்று வாரமாக ஒரே எபிசோடை வைத்துக்கொண்டு ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளைக் கட்டம் கட்டமாகப் படமாகத் திட்டமிடுவது, வரைந்து பழகுகிறேன். ஜப்பானின் கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோ 2015-ல் எடுத்த, பள்ளி இசைக்குழு பற்றிய அனிமே தொடர் ‘ஹிபிகே! யூஃபோனியம்’, முதல் சீசன், எட்டாவது எபிசோட். இயக்கம் ஹாருகா ஃபுஜிதா. உஜி ஊரில் ஜூன் 5 அன்று நடக்கும் அகதா திருவிழா இரவு; ஊரே தெருவில் இருக்கும்போது, அந்தக் குழுவில் வாசிக்கும் மாணவிகள் குமிகோவும் ரெய்னாவும் மட்டும் வாத்தியங்களோடு தாய்கிச்சி மலை ஏறுகிறார்கள்.

முதல் வாரம் பிடித்த ஷாட்டையெல்லாம் நிறுத்தி நிறுத்தி வரைந்தேன். பத்துக் கட்டம் போட்டால் எட்டில் முகம்தான். தனித்தனியாக நன்றாக இருந்தது, வரிசையாக வைத்தால் கதை நகரவே இல்லை.

அப்புறம் சத்தம், சப்டைட்டில் இரண்டையும் அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் ரெய்னாவின் கால் கண்ணில் பட்டது. வெள்ளை உடை, ஹீல்ஸ் செருப்பு, அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறாள்! வலிக்கிறது, ஆனால் வலி பிடிக்காமலும் இல்லை என்று அவளே சொல்லும் வசனம் உண்டு. அது காதில் விழாவிட்டாலும், இவள் ஊரோடு சேர்ந்து நடக்கிறவள் இல்லை என்பதை அந்தச் செருப்பே சொல்லிவிடுகிறது.

மேலே போனதும், கீழே ஊர் விளக்குகள் மின்ன, ரெய்னா ஒரு விரலால் குமிகோவின் நெற்றியிலிருந்து மூக்கு வழியாக மெல்லக் கோடு இழுக்கிறாள். இந்த ஒரு கட்டத்தை ஏழு தடவை வரைந்தேன். கோட்டை அழுத்தினால் விரல் குத்துகிற மாதிரி இருக்கிறது, லேசாக விட்டால் தொடவே இல்லாத மாதிரி. கடைசியில் விரலை அப்படியே விட்டுவிட்டு, குமிகோவின் கண்ணைக் கொஞ்சம் அகலமாக்கி, தோளை ஒரு நூல் அளவு தூக்கினேன். தொட்டது தெரிந்துவிட்டது. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்த வாரம் சொந்தமாக 12 கட்டம்: அக்கா ஹாஸ்டலுக்குக் கிளம்பும் காலை. பழைய வரைவில் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டேன். இப்போது பெட்டியின் ஜிப் மூட மாட்டேன் என்கிறது, தங்கை அதன்மேல் ஏறி உட்கார்கிறாள், ஜிப் மூடிய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை ஆறு கட்டம் சரியாக வந்திருக்கிறது. அக்கா படியிறங்கும்போது தங்கையை வாசலில் நிறுத்துவதா, இல்லை ஜன்னலுக்குள்ளேயே வைப்பதா என்பதில் ஒன்பதாவது கட்டம் நிற்கிறது. இரண்டையும் இன்றிரவு வரைந்து பார்க்கிறேன்.