பிட் வாசலில் நான்கு பருவங்கள்

பந்தய வண்டிகளின் எரிபொருளான மெத்தனாலின் புகை முதலில் கண்ணைத்தான் பிடிக்கும். பார்க்க ஒன்றும் தெரியாது. திடீரென்று கண் கரித்து நீர் கொட்டும். மத்திய பென்சில்வேனியாவில் ஒரு களிமண் கார் பந்தயத் தடத்தில், வண்டிகளைத் தயார்செய்யும் இடமான பிட்டின் வாசலில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை மாலை, கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் எல்லோருக்கும் அனுமதிப் பட்டை ஒட்டினேன். 2019 முதல் 2022 வரை நான்கு பருவங்கள் அந்த வாசலில் நின்றேன்.

வேலை சிறியதுதான். உள்ளே வருகிறவர் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சிறுவர்கள் என்றால் பெற்றோர் தனிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். காலில் மூடிய காலணி இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு அன்றைய நிறத்துப் பட்டையை மணிக்கட்டில் சுற்றி ஒட்டுவேன். எங்கள் தடத்தில் அப்போது அந்தப் பட்டை 40 டாலர். பார்வையாளர் அரங்கின் சீட்டு அதைவிடக் குறைவு. ஆனால் கடைசிப் பந்தயமான ஃபீச்சர் முடிந்ததும் கேட்டைத் திறந்துவிடுவோம். அதன்பின் அரங்கில் இருந்த எவரும் காசில்லாமல் பிட்டுக்குள் போகலாம்.

பிட் என்றதும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இரண்டு மூன்று விநாடிகளில் டயர் மாற்றும் இடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே பிட் என்பது ஒரு திறந்த மைதானம். வரிசையாக டிரெய்லர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஸ்பிரிண்ட் கார் (களிமண் தடத்தில் ஓடும் சிறிய, எடை குறைந்த பந்தய வண்டி), ஒரு கருவிப் பெட்டி, நாலைந்து பேர். அந்த நாலைந்து பேரில் ஒருவர் ஓட்டுநரின் அப்பாவாகவோ மனைவியாகவோ இருப்பார். ஓட்டுநரும் கையில் ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். அவருக்கும் பார்க்க வந்தவருக்கும் இடையில் கயிறு கூடக் கிடையாது. 2021-இல் அமெரிக்காவின் பெரிய கார் பந்தயத் தொடரான நாஸ்கார் கோப்பைப் பட்டத்தை வென்ற கைல் லார்சன், அதே ஆண்டில் ஸ்பிரிண்ட் கார்களின் பெரும் போட்டியான அயோவாவின் நாக்ஸ்வில் நேஷனல்ஸையும் வென்றார். அப்பேர்ப்பட்டவரும் களிமண் தடத்துக்கு வந்தால் மற்றவர்களைப் போலவே பிட்டில்தான் வண்டியை நிறுத்த வேண்டும்.

அங்கே போய் நின்றால் என்ன கிடைக்கும் என்று நண்பர்கள் கேட்பார்கள். கையெழுத்தும் படமும் கிடைக்கும், அது சின்ன விஷயம். வலது பின் டயரின் சுற்றளவை ஒருவர் நாடாவால் அளந்துகொண்டிருப்பார். இடது பின் டயர் அதைவிடச் சில அங்குலம் சிறியது. ஏன் என்று கேளுங்கள். பெரிய டயர் வெளிப்பக்கம் இருந்தால் வண்டி தானாகவே இடப்பக்கம் வளையும், தடம் முழுக்க இடப்பக்க வளைவுதானே என்று அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொல்வார். இன்னொரு டிரெய்லரில் டயர் ரப்பரில் சூடான கத்தியால் கோடு கீறிக்கொண்டிருப்பார்கள். மாலையில் ஈரமாக இருக்கும் களிமண், இரவு ஏற ஏறக் காய்ந்து வழவழப்பாகிவிடும். அதற்குத் தகுந்தாற்போல் டயரும் மாறியாக வேண்டும். நான் இதையெல்லாம் கற்றது இப்படி நின்று நின்றுதான். ஃபீச்சருக்கு முந்தைய தகுதிப் பந்தயமான ஹீட் முடிந்து வரும் வண்டியின் அடியில் அப்பியிருக்கும் சேறு எடையைக் கூட்டும் என்பதால், அடுத்த சுற்றுக்குள் அதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். சில குழுக்கள் பக்கத்தில் நிற்கும் சிறுவனிடமே சுரண்டியைக் கொடுத்துவிடும். வேலை கொடுக்கப்பட்ட குழந்தையின் முகத்தை நான் வேறெங்கும் அப்படிப் பார்த்ததில்லை.

என் முதல் பருவத்தில் நான் செய்த ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. ஸ்பிரிண்ட் காரில் ஸ்டார்ட்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது, கியர்பாக்ஸும் கிடையாது. பின்னாலிருந்து ஒரு புஷ் டிரக் தள்ளினால்தான் எஞ்சின் பிடிக்கும். பிடித்துவிட்டால் 410 கன அங்குல எஞ்சினின் ஏறக்குறைய 900 குதிரைத்திறன், ஓட்டுநரோடு சேர்த்துச் சுமார் 1,400 பவுண்டு எடையே உள்ள வண்டியை இழுக்கும். தள்ளும் டிரக்கின் ஓட்டுநருக்கோ முன்னால் உள்ள வண்டியின் மேல் இறக்கை போல நிற்கும் பெரிய தகடான விங்தான் தெரியும். அன்று ஒரு குடும்பத்துக்கு அவசரமாகப் பட்டை ஒட்டி அனுப்பினேன். வரிசை நீளமாக இருந்தது. அவர்கள் மகனுக்கு எட்டு வயது இருக்கும். எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்து நிமிடத்தில், தள்ளத் தொடங்கியிருந்த ஒரு வண்டியின் பாதையில் அவன் இறங்கினான். வேறொரு குழுவின் மெக்கானிக் சட்டைக் காலரைப் பிடித்து அவனைப் பின்னால் இழுத்தார். அடி எதுவும் இல்லை. அந்தப் பட்டையை ஒட்டிய கை என்னுடையது என்ற நினைப்பில் அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

அதற்குப் பிறகு எவ்வளவு நீளமான வரிசையானாலும் மூன்று விஷயங்களைச் சொல்லாமல் யாரையும் உள்ளே விட்டதில்லை. எந்த வண்டிக்கும் நேர் முன்னாலோ பின்னாலோ நிற்காதீர்கள். வண்டியின் எந்தக் குழாயையும் தொடாதீர்கள். கையில் ஸ்பானர் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருங்கள். மூன்றாவது பாதுகாப்புக்காக இல்லை, மரியாதைக்காக. மோதி வந்த வண்டியின் முன் அச்சைப் பதினைந்து நிமிடத்தில் மாற்றப் போராடும் ஆளிடம் போய்த் தொப்பியை நீட்டுவது தவறு. அதே ஆள் பதினோரு மணிக்குத் தானே உங்களைத் தேடி வந்து பேசுவார். இதைப் புரிந்துகொண்ட ரசிகர்கள் இருக்கும்வரைதான் கயிறு இல்லாமல் காலம் ஓடும்.

கயிறு கட்டிய இரவு ஒன்றும் உண்டு. ஒரு பெரிய போட்டிக்கு வந்த ஏற்பாட்டாளர்கள், பெயர்பெற்ற ஓட்டுநர்களின் டிரெய்லர்களைச் சுற்றிக் கயிறு கட்டி, தனிச் சீட்டு வாங்கியவர்களை மட்டும் உள்ளே விடச் சொன்னார்கள். கயிற்றின் ஓரத்தில் காவலுக்கு என்னை நிறுத்தினார்கள். வாரம் தவறாமல் வரும் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து, கயிற்றைப் பார்த்து, என்னைப் பார்த்து, திரும்பிப் போயின. அந்த ஓட்டுநர்களில் ஒருவர் மட்டும் ஃபீச்சர் முடிந்ததும் குனிந்து கயிற்றுக்கு வெளியே வந்து, டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டார். அவர் அன்று பதினெட்டாவதாக வந்திருந்தார்.

2020 மே 8 அன்று நாக்ஸ்வில் தடத்தில் பார்வையாளர்கள் இல்லாமல், ஸ்பிரிண்ட் கார் தொடரான வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸின் பந்தயம் நடந்தது. பெருந்தொற்றால் பந்தயங்கள் நின்றிருந்த காலம். நான் வீட்டிலிருந்து இணையத்தில் பணம் கட்டிப் பார்த்தேன். டேவிட் கிராவெல் வென்றார். பந்தயத்தில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அது முடிந்து வண்டிகள் பிட்டுக்குத் திரும்பியபோது அங்கே யாரும் காத்திருக்கவில்லை என்பதை நினைத்தபோது நெஞ்சு அடைத்தது. இந்த விளையாட்டில் பாதி, முடிவுக் கொடி விழுந்த பிறகுதான் நடக்கிறது.

அந்தப் பாதியில் பணமும் இருக்கிறது. 410 எஞ்சின் ஒன்றின் விலை ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டும். சிறிய தடங்களின் பரிசுத் தொகையில் அது கட்டுபடியாகாது. டிரெய்லர் கதவைத் திறந்து ஓட்டுநரின் அம்மா விற்கும் டி-ஷர்ட்டுகள் அடுத்த வாரத்து டயருக்கு உதவும். எனக்கோ மனதில் நிற்பது கடைசி வரிசையில் இருந்த ஒரு டிரெய்லர். முதல் சுற்றிலேயே உருண்டுபோன வண்டி, மேல் விங் காகிதம் போல நசுங்கியிருந்தது. ஓட்டுநருக்கு இருபது வயதுகூட இருக்காது, அழுதிருந்தான் என்பது தெரிந்தது. ஒரு சிறுமி போய், அந்த நசுங்கிய தகடு வேண்டும் என்று கேட்டாள். அவன் தகரக் கத்திரியை எடுத்து, வண்டி எண் இருந்த பகுதியை வெட்டி, கூர் விளிம்புகளை டேப்பால் சுற்றி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பிறகு அவளுடைய அப்பாவிடம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேற்பார்வையாளர் எழுபதைக் கடந்த ஒரு பெண்மணி. அவருடைய அண்ணன் அதே தடத்தில் ஓட்டியவர். அவர் இளம்பெண்ணாக இருந்த காலத்தில் பல தடங்களின் பிட்டுக்குள் பெண்களை விடமாட்டார்கள். இண்டியானபோலிஸ் தடத்தின் பிட்டும் கராஜும் பெண்களுக்குத் திறந்ததே 1971-இல்தான். அண்ணனுக்கான சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கம்பிவேலிக்கு மேலாகத் தூக்கிப் போடுவாராம். அவன் விபத்தில் சிக்கிய ஓர் இரவில்கூட வேலிக்கு இந்தப் பக்கமே நின்று, யாராவது வந்து சொல்வார்களா என்று காத்திருந்தாராம். இதை அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார், பட்டைக் கட்டுகளை எண்ணிக்கொண்டே.

நள்ளிரவு தாண்டி ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக அணையும்போது நான் கேட்டை இழுத்துப் பாதி மூடுவேன். அவர் அந்தப் பாதி வழியாக உள்ளே போய் வரிசை வரிசையாக நடப்பார். இன்னும் விளக்கெரியும் டிரெய்லர் முன்னால் நின்று, யாரோடாவது எதையாவது பேசுவார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் திரும்பி வரும்வரை நான் காத்திருப்பேன்.