ஓட்டு வயதுக்கு முன்பே ஒரு மனு

தைவான் தேர்தல்களில் 20 வயது நிரம்பினால்தான் ஓட்டு. அதை 18 ஆக்க 2022 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பும் தோற்றது. ஆனால் 2017-லேயே அங்கே 16 வயதுப் பள்ளி மாணவி ஒருவர், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாத்திரங்களைப் படிப்படியாகத் தடைசெய்யச் சொல்லி மனுப் போட்டு, அரசை அசைத்துவிட்டார். குடிமையியல் வகுப்பின் வீட்டுப்பாடம் அது!

மனு போன இடம் 'ஜாயின்' என்ற அரசுத் தளம். 60 நாளுக்குள் 5,000 பேர் ஆதரித்தால், உரிய அமைச்சகம் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கோரிக்கையை ஏற்கவேண்டிய கட்டாயமில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நாம் வாட்ஸப்பில் சுற்றவிடும் கையெழுத்து இயக்கங்கள் பெரும்பாலும் வீணாவது இங்கேதான். லட்சம் பேர் போட்டாலும், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவருமில்லை. பெயரைப் போடுமுன் யாருக்கு, எத்தனை நாள் கெடு என்று பாருங்கள்.

விளைவு? 2019 ஜூலை 1 முதல் அரசு அலுவலகங்கள், பள்ளிகள், வணிக வளாகங்கள், துரித உணவுக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுவோருக்கு பிளாஸ்டிக் ஸ்ட்ரா கிடையாது. ஜவ்வரிசி உருண்டைகளைப் போட்டு ஸ்ட்ராவால் உறிஞ்சும் 'பபிள் டீ', பார்சல் வாங்கினால் தப்பித்துக்கொண்டது. பாதி வெற்றிதான், ஆனாலும் சட்டம்.

மனு போதாத விஷயங்களும் உண்டு. 2015-ல் ஊபர் டாக்சியை எப்படி முறைப்படுத்துவது என்ற தகராறு வந்தபோது, 'வி-தைவான்' (vTaiwan) என்ற தன்னார்வக் குழுவினர் 'போல்.இஸ்' (Pol.is) என்ற இணையக் கருவியில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அதில் ஒருவர் கருத்துக்கு இன்னொருவர் பதில் எழுத வழியே இல்லை. ஏற்கிறேன், மறுக்கிறேன், கடந்துபோகிறேன், இவ்வளவுதான். சண்டைக்கு இடமில்லாததால், ஒத்த மனம் கொண்டவர்கள் எந்தெந்தக் குழுவாகப் பிரிகிறார்கள், எல்லாக் குழுவும் எதை ஏற்கிறது என்பது வரைபடமாகத் தெரிகிறது.

இளைஞர் மன்றமோ கல்லூரியோ இதை இலவசமாகவே நடத்தலாம். சொதப்புவது பெரும்பாலும் ஏற்கவோ மறுக்கவோ முன்வைக்கும் வாக்கியத்தில்தான். "கேண்டீனில் பிளாஸ்டிக் வேண்டாம், விலையும் ஏறக்கூடாது" என்று எழுதினால், ஒன்றை மட்டும் ஏற்பவர் எதை அழுத்துவார்? ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து. திறப்பதற்கு முன் 10 முதல் 15 வாக்கியங்களை நீங்களே போட்டுவையுங்கள். உங்களுக்குப் பிடிக்காத கருத்துகளும் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு நாலு வாக்கியம் பார்த்துவிட்டு வெளியேறிவிடும். மிஞ்சுவது உங்கள் நண்பர்களின் ஒருமித்த கருத்து மட்டுமே.