உறுதியில் இல்லாத வேலி

கிழமை நாட்களில் திருகோணமலையில் நொத்தாரிசு வேலை: காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதிக் கொடுப்பது. சனிக்கிழமை காலையில் ஒரு மேல்மாடி அறையில் சட்ட மாணவர்களுக்குக் காணிச் சட்டம் எடுக்கிறேன். போன சனிக்கிழமை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அம்மம்மாவின் பழைய உறுதியைப் போட்டோக்கொப்பி அடித்து ஆளுக்கொன்று கொடுத்தேன். நிலாவெளியில் அரை ஏக்கர். அட்டவணையில் எல்லை இப்படி: வடக்கு பூவரசு வேலி, கிழக்கு கடல், தெற்கு ஒழுங்கை, மேற்கு முடிக்குரிய காணி.

"வாசித்தாச்சு மிஸ், விளங்குது" என்றார்கள். சரி, வானில் ஏறுங்கள் என்றேன்.

போய் இறங்கியதும் ஒருவன் கேட்டான்: "நடுவில நிக்கிற வேலி எது மிஸ்? உறுதியில இல்லையே."

அது எங்கள் குடும்பக் கதை. அம்மம்மா அந்த வளவை அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிரிபடாத அரைப் பங்காக, அதாவது எந்தப் பாதி யாருக்கென்று பிரிக்காமல், எழுதிக் கொடுத்தார். 1990இல் யுத்தத்தால் நாங்கள் படகேறித் தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமுக்குப் போனோம். 2003இல் திரும்பி வந்தபோது வளவின் குறுக்கே முள்ளுக்கம்பி. எங்கள் பக்கம் மூன்றில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, மற்றது பெரியம்மா பக்கம்.

"பத்து வருஷம்!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் மாணவர்களுக்கு மறக்காத ஒரே எண் அது. பத்து வருடம் எதிராட்சி செய்தால், அதாவது சொந்தக்காரரின் உரிமைக்கு எதிராகக் காணியைத் தொடர்ந்து வைத்திருந்தால், காணி உனக்கு. ஆனால் பங்காளிகளுக்குள், ஒரே காணியின் கூட்டுச் சொந்தக்காரர்களுக்குள், அது அவ்வளவு லேசில் நடக்காது. கொரயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில், அந்தக் காலத்தில் எங்களுக்கு மேலான இலண்டன் மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது அதைத்தான்: ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளுக்குமான ஆட்சி. மனதுக்குள் 'இது எனக்கு மட்டும்' என்று நினைத்தால் போதாது, மற்றவரின் உரிமையை மறுத்தது வெளியே தெரிய வேண்டும். சில வருடம் கழித்து வந்த திலகரத்ன எதிர் பஸ்தியன் தீர்ப்பு, நெடுங்கால ஆட்சியையும் சூழ்நிலையையும் வைத்து அந்த மறுப்பை ஊகிக்கலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது. அப்போ முள்ளுக்கம்பி மறுப்பா, மாட்டுக்குப் போட்ட கம்பியா?

2016ஆம் ஆண்டுச் சட்டமும் பேச்சில் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் உரிமை கோர முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. "அப்ப ஆமிக் காம்பால போக ஏலாமப் போன ஆக்கள்?" என்று மூதூர்ப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அந்தச் சட்டத்தை எழுதியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மேற்கு எல்லையில் அதிக நேரம் நிற்கவில்லை. முடிக்குரிய காணி என்றால் அரச காணி, அதில் நூறு வருடம் இருந்தாலும் அந்தப் பத்து வருடக் கணக்கு செல்லாது. அனுமதிப்பத்திரம் வேண்டும். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில், அனுமதிப்பத்திரக்காரர் தனக்குப் பின் காணி யாருக்கு (பின்னுரித்தாளர்) என்று பெயர் குறிக்காவிட்டால், மகளுக்கு முன் மகன் என்றிருந்தது. 2022இல்தான் அதை மாற்றினார்கள். கிண்ணியாப் பையன் தன் உம்மாவுக்கு உடனே போன் போட்டுக் கேட்டான்.

கிழக்குத்தான் சிக்கல். உறுதியில் 'கடல்' என்று எழுதிவிட்டார்கள், ஆனால் கடல் எங்கே தொடங்குகிறது? கரையோரப் பாதுகாப்புச் சட்டம் சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டரைத் தன் வலயம் என்கிறது. 50 மீட்டர் நாடாவை ஆறு தரம் பிடித்து அளந்தோம். ஒரு கோழிக்கூட்டையும் இரண்டு கிணற்றையும் தாண்டி, வளவு முழுவதும் உள்ளேதான் கிடந்தது. சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டரும் எங்களுக்கு 200 மீட்டரும் கட்டக்கூடாத பகுதி என்றார்கள். அம்மா அப்போதுதான் அத்திவாரம் போட்டிருந்தார். பிறகு அந்த விதி தளர்ந்தது. அத்திவாரத்தில் இப்போது எருக்கலை நிற்கிறது. அலை தெற்கே காலி நகருக்கும் நிலாவெளிக்கும் வேறு வேறு முழத்தால் வந்ததா என்று இன்றும் எனக்கு ஆத்திரம்.

நாடாவைச் சுருட்டும்போது பெரியம்மா கத்தியும் இளநியுமாய் வந்தார். "என்ன பிள்ளையள், எங்கட வளவை அளக்கிறீங்களோ?"

வானுக்குள் ஏறியதும் அந்த மூதூர்ப் பிள்ளை சொன்னாள்: "மிஸ், உங்களை வைச்சுக்கொண்டே 'எங்கட' என்றா. 'நம்மட' என்று சொல்லேல்ல. இது வெளிப்படையான மறுப்பு இல்லையா?"

உப்புவெளி வரும்வரை வானுக்குள் வழக்காடினார்கள். நான் தலையிடவில்லை.

இரவு அம்மா போனில் கேட்டார், அக்கா எப்படி இருக்கிறா என்று. நல்லா இருக்கிறா, பிள்ளைகள் எல்லாருக்கும் இளநி வெட்டித் தந்தா என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "எந்த மரத்து இளநி?"