போர்தோவில் 140 பேரும் ஒரு நீர்க்கண்ணாடியும்

எங்கள் நிறுவன இயக்குநர் மதுவைத் தொடாதவர். அவர் மாநாட்டுக்குப் பிரான்ஸின் ஒயின் ஊரான போர்தோ நகரத்தைத் தேர்ந்தெடுத்தது ஒரு தரையைப் பார்த்து. கரோன் ஆற்றங்கரையில், பதினெட்டாம் நூற்றாண்டின் பூர்ஸ் மாளிகைக்கு எதிரே கருங்கல் பாவி, அதன் மேல் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். 2006இல் வந்தது. நீர்க்கண்ணாடி என்றே பெயர். மாளிகை முழுவதும் அதில் தலைகீழாகத் தெரியும். சற்று நேரத்தில் தண்ணீர் வடிந்து, தரையிலிருந்து பனிப்புகை எழும்பும். ஜூன் மாதம் இடம் பார்க்கப் போனபோது, ஓடித் திரிந்த குழந்தைகளுக்கு நடுவே அவரும் காலணியைக் கழற்றிவிட்டு நின்றார். “வரவேற்பு விருந்து முடிந்ததும் எல்லோரையும் இங்கே அழைத்து வருகிறோம்” என்றார்.

நான் புதுச்சேரிக்காரன். பாரிஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் வேலை. ஆண்டுக்கொரு முறை 140 பேர் இரண்டு நாள் கூடும் மாநாடு என் தலையில்தான் விடியும்.

முதல் சிக்கல் தேதி. ஒயின் ஊரில் நாட்காட்டியை நிர்ணயிப்பது திராட்சைக் கொடிதான். வசந்த காலத்தில், முந்தைய ஆண்டின் ஒயினைப் பீப்பாயிலிருந்தே சுவைத்துப் பார்த்து விலை பேச உலகம் முழுவதிலிருந்தும் வியாபாரிகள் வந்துவிடுவார்கள். அந்த வாரம் அறை கேட்டால் சிரிப்பார்கள். ஆகஸ்டில் பிரான்ஸே விடுமுறையில் இருக்கும். செப்டம்பர் என்றார் இயக்குநர். திராட்சை பறிப்பு நடக்கும் மாதம் அது. பண்ணைகளுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். களத்துமேட்டில் நெல் அடிக்கும்போது விருந்தாளி வந்து நின்றால் நம் ஊரில் என்ன மரியாதை கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. கடைசியில் நவம்பர் மூன்றாவது வாரம் அமைந்தது. அறை வாடகையும் குறைவு. எனக்கு ஒரே பெருமை.

ஜூன் பயணத்தில் உருப்படியாகக் கற்றது ஒன்று உண்டு. வலது கரையில் மலிவான ஒரு ஓட்டலைப் பார்த்துவிட்டு, மறுகரையில் இருக்கும் ஒயின் நகர அருங்காட்சியகத்துக்குக் காரில் புறப்பட்டோம். நடுவில் ஷபான்-தெல்மாஸ் பாலம், 2013இல் திறந்தது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி, 117 மீட்டர் நீளத் துண்டு, அப்படியே மேலே எழும்பிவிடும். அன்றைக்கென்று ஒரு சொகுசுக் கப்பல் வந்தது. பழைய கல் பாலத்தைச் சுற்றிப் போகலாம் என்றால், 2017 முதல் அதில் கார்களுக்கு அனுமதி இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். பாலம் எழும்பும் நேரங்களை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். பார்க்காதது எங்கள் தவறு. வலது கரை ஓட்டலை அன்றே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

கூடத்தைப் பொறுத்தவரை எனக்கும் இயக்குநருக்கும் ஒத்துப்போகவில்லை. வடக்கே ஏரிப் பக்கம் பெரிய மாநாட்டு மையம் இருக்கிறது. எல்லா வசதியும் உண்டு, டிராமும் போகிறது. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாது என்றார் அவர். அதனால் நகருக்குள் பழைய கல் கட்டடம் ஒன்றை எடுத்தோம். சுவரில் ஆணி கூடாது, ஒட்டும் நாடாவும் கூடாது. எங்கள் பதாகைகள் எல்லாம் தாங்கிகளில் நின்றன. ஒத்திகையின்போது இரண்டு காபி இயந்திரங்களையும் படவீழ்த்தியையும் சேர்த்துப் போட்டதும் மின்சாரம் போய்விட்டது. சக்கர நாற்காலியில் வரும் ஒரு சக ஊழியர், முன்வாசல் படிகளில் ஏற முடியாமல் சமையலறை வழியாக லிஃப்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் போனார். எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது. இடம் பார்க்கும்போது நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பெரிய பஸ் பழைய தெருக்களுக்குள் வராது. 2007இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி. பல தெருக்களின் முனையில் தரையிலிருந்து எழும் இரும்புத் தூண்கள் வண்டியை மறித்து நிற்கும். அதனால் ரயில் நிலையத்திலேயே ஆளுக்கொரு டிராம் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டேன். நகர மையத்தில் அந்த டிராமுக்கு மேலே கம்பி இல்லை, தரையில் பதித்த தண்டவாளத்திலிருந்தே மின்சாரம். ஒரு பொறியாளர் கூட்டத்துக்கு இது போதும். முதல் உரை தொடங்கும் வரை அதைப் பற்றியேதான் பேசினார்கள்.

சென்னையிலிருந்து வந்தவர்கள் 12 பேர். விசாவுக்கு அழைப்புக் கடிதம், அறைச் சீட்டு, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு என்று ஓடியதைத் தனியாக எழுத வேண்டும். மொத்தத்தில் நான்கு மாதம் முன்பே தொடங்கியது காப்பாற்றியது.

ஒயின் சுவைப்பு நிகழ்ச்சியை முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தது என் மடத்தனம். அதற்கடுத்த உரையைப் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். சுவைத்த ஒயினைத் துப்பக் கலயம் வைத்திருந்தார்கள், அதுதான் முறை. சென்னைக் கணக்காளர் ஒருவர் என்னிடம், “சார், காசு கொடுத்து வாங்கியதைத் துப்பச் சொல்கிறார்களே?” என்றார், துப்பவும் இல்லை. இன்னொரு அம்மையார், “இது சைவமா சார்?” என்று கேட்டார். பரிமாறியவரிடம் கேட்டுச் சொன்னேன். சிவப்பு ஒயினைத் தெளியவைக்க 225 லிட்டர் பீப்பாய்க்குச் சில முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவது இந்த ஊரின் பழைய வழக்கம், சில பண்ணைகளில் இன்றும் உண்டு. அம்மையார் கோப்பையைக் கீழே வைத்தார். அப்படி மிஞ்சிய மஞ்சள்கருவில்தான் கனெலே பிறந்தது என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது: வெளியே கருகினாற்போல் மொறுமொறுவென்று, உள்ளே ரம்மும் வனிலாவும் மணக்கும் குட்டிக் கேக். ஆக அதுவும் அவருக்கு இல்லை. பாலாடைக்கட்டியைப் பற்றி அவர் கேட்கும் முன் பழத்தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

இரண்டாம் நாள் பிற்பகல் கூடம் பாதி காலி. 2017இல் அதிவேக ரயில் பாதை வந்ததிலிருந்து பாரிஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். மூன்று மணி ரயிலைப் பிடித்தால் வீட்டில் இரவுச் சாப்பாடு. முக்கியமான உரையை அன்று காலையிலேயே வைத்திருந்தால் பேச்சாளர் என்னை முறைத்திருக்க மாட்டார்.

முதல் நாள் மாலைக் கதை பாக்கி இருக்கிறது. விருந்து முடிந்து எல்லோரையும் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். தரை மட்டும்தான் இருந்தது. குளிர்காலத்தில் நீர்க்கண்ணாடியை நிறுத்திவிடுவார்கள் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். நல்லவேளையாகத் தூறல் பிடித்தது. குடைகள் விரிந்தன, பாதிப் பேர் டிராமுக்கு ஓடினார்கள். கருங்கல் நனைந்து கறுத்ததும் மாளிகையின் விளக்குகள் மட்டும் அதில் கோணல்மாணலாகத் தெரிந்தன. இயக்குநர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து ஒரு படம் எடுத்தார்.

“ஜூனில் இன்னும் நன்றாக இருந்தது” என்றார்.