சாமியை அநாதையாக்கிய கதை

பிழை திருத்தும் வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு காரியத்தை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பக்தி நூலின் மெய்ப்பு என் மேசைக்கு வந்திருந்தது. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். இரவு பதினொரு மணி, கண் எரிகிறது. ஓரிடத்தில் ‘அநாதியான இறைவன்’ என்று இருந்தது. தட்டச்சு செய்தவர் ஐகாரத்தை விட்டுவிட்டார் போல என்று நானே முடிவுகட்டி, சிவப்புப் பேனாவால் ‘தி’யைத் ‘தை’ ஆக்கினேன். புத்தகம் வெளிவந்து ஒரு வாரத்தில் நூலாசிரியர் போனில் கூப்பிட்டார். வயதானவர். திட்டவில்லை. “தம்பி, சாமியை அநாதையாக்கிட்டீங்களே” என்றார்.

அன்றைக்குத்தான் இந்த இரண்டு சொற்களையும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அநாதை என்பது அ + நாதன்: காப்பதற்குத் தலைவன் இல்லாதவர். அநாதி என்பது அன் + ஆதி: தொடக்கம் இல்லாதது. இரண்டிலும் முன்னால் நிற்பது ஒரே ‘இல்லை’தான். மெய்யெழுத்துக்கு முன்னால் ‘அ’ என்றும், உயிருக்கு முன்னால் ‘அன்’ என்றும் வருவது சமஸ்கிருத வழக்கம். கத்தியை ஓர் எழுத்து தள்ளி வைத்ததில் கடவுள் ஆதரவற்றவராகிவிட்டார். முதலாவதற்கு ‘ந’, இரண்டாவதற்கு ‘ன’ என்று எல்லாரும் எழுதினால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அச்சில் இரண்டுமே இரண்டு விதமாகவும் வருகின்றன.

அப்புறம் பிடித்துக்கொண்டது பைத்தியம். அநேகம் என்றால் அன் + ஏகம், அதாவது ஒன்றல்ல; ஒன்றில்லை என்றால் பல. அனந்தம் என்றால் அந்தம் இல்லாதது. அசலம் என்றால் அசையாதது, அதாவது மலை. அருணாசலத்தின் வாலில் இருப்பது அதுதான். வட்டிக் கணக்கில் வரும் ‘அசல்’ வேறு, அது அரபியிலிருந்து வந்தது. கட்டக் கட்ட அதுவும் நகராது என்பது தனிக்கதை.

இந்த ‘அ’ சமஸ்கிருதத்தின் சொந்தச் சொத்தும் அல்ல. கிரேக்கத்திலும் அதே ‘அ’, அதே ‘அன்’, அதே விதி. லத்தீனில் ‘இன்’. ஜெர்மனில் ‘உன்’. ஆங்கிலத்திலும் பழைய காலத்தில் ‘உன்’ என்றுதான் இருந்தது, இப்போது வாயில் ‘அன்’ ஆகிவிட்டது. இவை எல்லாவற்றுக்கும் மூலமாக மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கிக் காட்டுவது, உயிரெழுத்தே இல்லாமல் தனியாக ஓர் அசையாக நின்ற வெறும் ‘ன்’. அதைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள், மூக்கில்தான் வரும். முட்டுக்கொடுக்க ஆளுக்கொரு உயிரெழுத்தை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதனால் நம் அமிர்தத்துக்கு மூலமான ‘அம்ருத’மும், கிரேக்கத் தேவர்களின் உணவான அம்ப்ரோசியாவில் இருக்கும் ‘அம்ப்ரோட்டோஸ்’ என்ற சொல்லும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். இரண்டுக்கும் பொருள் சாவில்லாதது.

அராஜகமும் ஆங்கிலத்தின் அனார்க்கியும் அப்படி ஒட்டிப் பிறந்தவை அல்ல, ஆனால் கட்டுமானம் அச்சு அசல் ஒன்று: ராஜா இல்லாத நிலை, ஆள்பவர் இல்லாத நிலை. நம் பேச்சில் அராஜகம் தலைகீழாகிவிட்டது. ஆள்பவரே செய்கிற அட்டூழியத்தைத்தான் இப்போது அந்தப் பெயரால் சொல்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது டயமண்ட். கிரேக்கத்தில் ‘அடமாஸ்’, அடக்க முடியாதது. லத்தீன் வழியாக வரும்போது தலையிலிருந்த ‘அ’ உதிர்ந்துவிட்டது. எழுத்துப்படி பார்த்தால் இன்றைய டயமண்ட் அடங்கிப்போன கல். உதிராமல் தப்பித்தது ஆங்கிலத்தின் அடமண்ட், பிடிவாதக்காரர். நம் ‘அடம்’ பிடிப்பதற்கும் அதற்கும் சொந்தம் இருக்குமோ என்று காது ஒரு நொடி ஏமாந்தது. அப்படி ஏமாந்துதான் சாமியை அநாதையாக்கினேன் என்று நினைவு வந்ததும் விட்டுவிட்டேன்.

ஏமாந்தது நான் மட்டுமில்லை என்பதில் ஒரு ஆறுதல். அசுரன் என்ற சொல்லில் உள்ள ‘அ’ ‘இல்லை’ என்று பொருள்படும் ‘அ’வே அல்ல. ரிக் வேதத்தின் பழைய பாடல்களில் அசுரன் என்றால் தலைவன், ஆற்றல் மிக்கவன். வருணனையே அப்படிச் சொல்வார்கள். பாரசீகத்தில் அதே சொல் அஹுரா, அங்கே அது கடவுளின் பெயர். பின்னால் வந்தவர்கள் முதல் எழுத்தை மறுப்பு என்று எண்ணிக் கழற்றிவிட்டு, மிச்சத்தைத் தேவர்களுக்குக் கொடுத்தார்கள். சுரர் பிறந்த கதை இதுதான். ஒரு தப்பான வெட்டில் ஒரு கூட்டத்துக்கே பெயர் கிடைத்திருக்கிறது. என் சிவப்புப் பேனா இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தமிழுக்கு வருவோம். தமிழில் சொல்லுக்கு முன்னால் வரும் ‘அ’ மறுப்பு அல்ல, சுட்டு. அவன், அங்கே, அந்த. ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்று தொல்காப்பியம் அதோடு முடித்துவிடுகிறது. அப்படியானால் இரவலாக வந்த ‘அ’வும் வீட்டு ‘அ’வும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளாதா? முட்டிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு ஒற்று. முழுச்சொல் ஒன்றின் முன்னால் சுட்டு வந்தால் அடுத்த மெய் இரட்டிக்கும், மறுப்பு வந்தால் இரட்டிக்காது. ‘அப்பயம்’ என்றால் அந்தப் பயம். ‘அபயம்’ என்றால் பயமின்மை. ‘அந்நீதி’ அந்த நீதி, ‘அநீதி’ நமக்குத் தெரிந்ததே. ஒரு புள்ளி வைத்த எழுத்து விட்டுப்போனால் அர்த்தமே கவிழ்ந்துவிடும். இது தெரிந்த நாளிலிருந்து மெய்ப்பில் ‘அ’வில் தொடங்கும் எந்தச் சொல்லையும் இரண்டு முறை பார்க்காமல் தாண்டுவதில்லை.

பள்ளி வேதியியலில் உலோகம், அலோகம் என்று படித்திருப்போம். ‘உ’வும் ‘அ’வும் எதிரெதிர் முன்னொட்டுகள் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். மூலச்சொல் சமஸ்கிருதத்தின் ‘லோஹம்’. தமிழில் ‘ல’ சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ‘உ’ வெறும் ஊன்றுகோல். மறுப்பு ‘அ’ வந்து முன்னால் நின்றதும் ஊன்றுகோலுக்கு வேலையில்லை, போய்விட்டது.

தமிழும் முன்னால் ‘இல்லை’ வைத்ததுண்டு. அஃறிணை, அல் + திணை, உயர்திணை அல்லாதது. ஆனால் நம் இயல்பு கடைசியில்தான் கையை விரிக்கும்: அறியாமை, நன்றியின்மை, தெரியாது. சில இடத்தில் மறுப்பதற்கு எழுத்துக்கூடச் செலவில்லை. அறிவேன் என்பதில் எதிர்காலம் காட்டும் ‘வ்’வை எடுத்துவிட்டால் அறியேன். காலத்தை நீக்கினால் செயலே இல்லாமல் போய்விடுகிறது. இதைப் போல ஒரு கஞ்சத்தனமான அழகை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

வால் மறுப்புகளைத் தேடிக்கொண்டிருந்தபோது ‘இலி’ கண்ணில் பட்டது. மாணிக்கவாசகர் சிவனைத் ‘தாயுமிலி தந்தையிலி தான்தனியன்’ என்கிறார். சிரிப்பு தாங்கவில்லை. உடனே அந்தப் பெரியவருக்குப் போன் போட்டு, “ஐயா, ஒரு வகையில் நான் திருத்தியதும் சரிதான் போலிருக்கு” என்று வாசித்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அப்ப அடுத்த பதிப்புலேயும் அப்படியே விட்டுடலாங்கறீங்களா?” என்று கேட்டார்.

வேண்டாம் ஐயா என்று சொல்லி, பதிப்பகத்தில் மீதமிருந்த பிரதிகளில் ஒட்டுவதற்கு அன்றே பிழைதிருத்தத் துண்டு அடிக்கக் கொடுத்தேன்.