கோடு ஒன்று, கோட் மூன்று

அசையாத, சீரான ஒரு வாயு உருண்டை. வெப்பம் 20 கெல்வின், கன செ.மீ.க்கு 10,000 ஹைட்ரஜன் மூலக்கூறு, விட்டம் 10^17 செ.மீ., எச்.சி.ஓ. பிளஸ் அயனி நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த அயனியின் 89.19 கிகாஹெர்ட்ஸ் நிறமாலைக் கோடு எவ்வளவு பிரகாசம் என்று கணக்கிடும் கோட்கள், அதாவது கணினி நிரல்கள், ராடெக்ஸ், லைம், ராட்எம்சி-3டி. மூன்றிலும் ஓட்டினால் ஏறக்குறைய ஒரே விடை வர வேண்டும். வரவில்லை. இயற்பியலைச் சந்தேகித்த நாளெல்லாம் வீண். கோளாறு பெரும்பாலும் உள்ளீட்டுக் கோப்பில்.

நிரல்களை நிறுவுவதும் லாம்டா என்ற தரவுத்தளத்திலிருந்து மூலக்கூறு கோப்பை இறக்குவதும் சிக்கலில்லாமல் முடிந்தன.

முதல் அடி ராட்எம்சி-3டியில். கிளர்வு வெப்பநிலை (அயனிகள் ஆற்றல் மட்டங்களில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவு) கச்சிதமாக 20 கெல்வின் என்றது, வாயுவின் வெப்பமே அது. ராடெக்ஸில் 5-க்கும் கீழே. இவ்வளவு குறைந்த அடர்த்தியில் 20 வரவே வராது. லைன்ஸ்-மோட் என்ற அமைப்பைத் தொடாமல் விட்டால் அது 1, அதாவது வெப்பச் சமநிலை. 3 என்று மாற்றினாலும் போதாது: அது ஒளி தப்பிப்பதை வேகச் சரிவை (இடத்துக்கு இடம் வேகம் மாறுவதை) வைத்துக் கணக்கிடும். அசையாத மேகத்தில் அந்தச் சரிவு இல்லை, ஆகவே ஒளி தப்பிக்கக் கடக்கும் தொலைவான தப்பிப்பு நீளத்துக்கான கோப்பையும் கூடவே வைக்க வேண்டும்.

லைமில் நேர்மாறு: கிளர்வு 2.73 கெல்வினை, அதாவது விண்வெளிப் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலையை, விட்டு நகரவே இல்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் அலகைத்தான் பாருங்கள். லைமுக்கு எல்லாம் மீட்டரில். 10^4 என்று எழுதியது 10^10 ஆக இருந்திருக்க வேண்டும். பத்து லட்சம் மடங்கு மெலிந்த வாயுவில் மோத யாருமில்லை.

கோட்டு அகலம்தான் அதிகம் படுத்தியது, ஏனென்றால் விடை நம்பும்படியே இருக்கும். ராடெக்ஸ் கேட்பது அரை உயர முழு அகலம். மற்ற இரண்டும் கேட்பது டாப்ளர் பி, உயரம் 1/e ஆகும் இடத்தில் பாதி அகலம். அதை எடுக்க 1.665-ஆல் வகுக்க வேண்டும். வகுக்க மறந்தால் ஒளியியல் ஆழம் (வாயு ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பது) 0.6 மடங்காகச் சரியும். அதோடு வெப்ப அகலத்தை அவை தாமே, வர்க்கங்களின் கூட்டலாக, சேர்த்துக்கொள்ளும். 20 கெல்வினில் இந்த அயனிக்கு அது நொடிக்கு 107 மீட்டர். 1 கி.மீ. அகலத்துக்கு 600 அல்ல, 590 கொடுங்கள். 0.2 கி.மீ. என்றால் 120 அல்ல, வெறும் 54!

ராடெக்ஸும் உத்தமன் இல்லை. மேகம் உருண்டையா தட்டையா என்பதை நிரலைத் தொகுக்கும்போதே (கம்பைல்) முடிவுசெய்கிறது. ஒளியியல் ஆழம் 1-இல் உருண்டைக்கு ஒளி தப்பிக்கும் வாய்ப்பு 0.71, தட்டைக்கு 0.32. யாரோ தொகுத்து வைத்ததை நம்பாமல் நீங்களே மறுபடி தொகுத்துவிடுங்கள். நெடுக்கடர்த்திக்கு (பார்வைக் கோட்டில் உள்ள மொத்த அயனிகள்) ஆரத்தை அல்ல, முழு விட்டத்தையும் எடுங்கள். இங்கே சதுர செ.மீ.க்கு 10^12.

கடைசியாகப் பின்னணி. ராடெக்ஸ் அதைக் கழித்தே விடை சொல்லும். ராட்எம்சி-3டியின் படத்தில், வெளி மூலக் கோப்பு கொடுக்காவிட்டால், பின்னணியே இருக்காது. கிளர்வு 4 கெல்வின் என்றால் இந்த அதிர்வெண்ணில் கதிர்வீச்சு வெப்பநிலை 2.2, பின்னணி 1.1. ஆக ராடெக்ஸின் விடை ராட்எம்சி-3டியின் விடையில் பாதியாகவே நிற்கும்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் ராடெக்ஸும் லைமும் கொஞ்சம் விலகியே நிற்கும். அதை இழுத்துப் பொருத்த வேண்டாம். ராடெக்ஸுக்கு மேகம் முழுக்க ஒரே கிளர்வு. லைமில் நடு வேறு, விளிம்பு வேறு.