கண்ட்ரோல் லைன் விமானம்: பெட்டியைப் பிரித்ததிலிருந்து முதல் பறப்பு வரை

"எல்லாம் ஒட்டி, பிளாஸ்டிக் ஃபிலிம் போர்த்தியே வந்திருக்கே, இதுல நீ செய்ய என்ன இருக்கு?" ஏ.ஆர்.எஃப் (பெரும்பாலும் கட்டி முடித்தே விற்கும் மாடல்) பெட்டி கைக்கு வந்த செய்தியைச் சொன்னதும் பழைய என்.சி.சி நண்பர்கள் கேட்டது இதைத்தான். ஏர் விங்கில் இருந்த காலத்தில் பால்சா கட்டையை பிளேடால் வெட்டி, ரிப்புகளைக் கோத்து, டிஷ்யூ காகிதம் ஒட்டி, டோப் (காகிதத்தை இறுக்கும் பூச்சு) அடித்துப் பறக்கவிட்டவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில் பார்த்தால் இது வெறும் ரெடிமேட். நான் அப்படி நினைக்கவில்லை. மாடல் நேராகப் பறக்குமா, கையில் சொன்னபடி கேட்குமா என்பதைத் தீர்மானிக்கிற வேலைகளில் முக்கால்வாசி பெட்டியைப் பிரித்த பிறகுதான் தொடங்குகிறது.

கண்ட்ரோல் லைன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ரேடியோ கிடையாது. விமானத்தின் இடது சிறகிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் நம் கையிலுள்ள ஹேண்டிலுக்கு வரும். நாம் நடுவில் நின்று சுழல, விமானம் நம்மைச் சுற்றிப் பறக்கும். ஹேண்டிலை மேலே சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும். சிறகுக்குள் இருக்கும் பெல்கிராங்க் என்ற சிறு நெம்புகோல் திரும்பும். அதிலிருந்து போகும் புஷ்ராட் என்ற கம்பி, வாலில் மேலும் கீழும் அசையும் பலகையான எலிவேட்டரைத் தூக்கும். அவ்வளவுதான் இயந்திரம். அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஜிம் வாக்கர் 1940களில் இந்த முறையைப் பரவலாக்கினார். நம் ஊரில் இன்றும் என்.சி.சி ஏர் விங் மாணவர்கள் போட்டிகளில் இதைப் பறக்கவிடுகிறார்கள்.

என்னுடையது புரொஃபைல் வகை. உடல் பகுதி தட்டையான பலகை, எஞ்சின் பக்கவாட்டில் படுத்திருக்கும். அழகு கொஞ்சம் குறைவு. ஆனால் எஞ்சின், டேங்க், புஷ்ராட் எல்லாம் வெளியே தெரிவதால் எதையும் சட்டென்று கை வைத்துச் சரிசெய்யலாம். முதல் மாடலாக வாங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பெட்டியைத் திறந்ததும் பசையைத் தொடவில்லை. சிறகைக் கையில் எடுத்து, பின்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி பிடித்துப் பார்த்தேன். இடது நுனிப் பக்கம் பின்விளிம்பு லேசாக மேலே முறுக்கியிருந்தது. கப்பலில் வந்த பெட்டி, அதோடு நம் ஊர் வெயில். ஃபிலிம் போர்த்திய பால்சா இப்படி ஆவது சகஜம். அக்கா மகன் சிறகை எதிர்த்திசையில் மெதுவாக முறுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் ஹீட் கன்னைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இரண்டு பக்கமும் ஃபிலிமைச் சூடாக்கினேன். சுருக்கங்கள் ஒவ்வொன்றாக இழுபட்டு மறைந்தன. ஆறும்வரை பிடியை விடக்கூடாது. "மாமா, விடட்டுமா?" என்று அவன் கேட்டபோது மறுபடியும் கண்ணுக்கு நேராகப் பார்த்தேன்; கோடு போட்டதுபோல் இருந்தது. ரேடியோ மாடலில் இந்த அளவு முறுக்கலை ட்ரிம் வைத்துச் சமாளித்துவிடலாம். இங்கே பறக்கும்போது திருத்த எய்லரான் (சிறகின் சாய்வை மாற்றும் அசையும் பகுதி) கிடையாது. அதனால் இந்த அரை மணி நேர வேலையை யாரும் தவிர்க்க வேண்டாம்.

அடுத்தது சிறகை உடலில் செருகி ஒட்டுவது. பசை மரத்தில்தான் பிடிக்கும், ஃபிலிமில் பிடிக்காது. எனவே நடுப்பகுதியில் ஃபிலிமை வெட்டி எடுக்க வேண்டும். கத்தியை அழுத்தினால் அடியிலுள்ள பால்சாவிலும் கீறல் விழும். பிற்பாடு சிறகு முறிந்தால் சரியாக அந்தக் கீறலில்தான் முறியும். நான் பற்றவைக்கும் சோல்டரிங் அயர்னின் நுனியால் கோடு இழுத்தேன். ஃபிலிம் உருகிப் பிரியும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. மெதுவாகக் காயும் 30 நிமிட எபாக்ஸியைத் தடவிச் செருகிய பிறகு நேர் பார்ப்பதற்குத் தாராளமாக நேரம் கிடைக்கும். வால் நுனியில் குண்டூசி குத்தி, அதில் நூல் கட்டி, இரண்டு சிறகு நுனிகளுக்கும் தூரம் அளந்தேன். இரண்டும் ஒன்றாக வரும்வரை சிறகைத் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். அப்புறம் பின்னால் நின்று வாலின் கிடைமட்டப் பகுதியும் சிறகும் இணையாக இருக்கிறதா என்று பார்த்தேன். பக்கவாட்டில் எஞ்சின், சிறகு, வால் மூன்றும் ஒரே கோணத்தில், அதாவது பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இந்த விமானம் தலைகீழாகவும் அதே மாதிரி பறக்க வேண்டியது. ஒரு பக்கத்துக்குச் சாதகமாகக் கோணம் வைத்தால் மறுபக்கம் படுத்தும்.

எலிவேட்டர் கீல்களுக்கு என் சோதனை ஒன்றுதான். புஷ்ராடை மாட்டுவதற்கு முன் மாடலைப் படுக்கை வாக்கில் பிடித்தால் எலிவேட்டர் தன் எடையிலேயே தொங்கிவிட வேண்டும். திருப்பிப் பிடித்தால் மறுபக்கம் விழ வேண்டும். பாதியில் நின்றால் எங்கோ பிடிக்கிறது என்று அர்த்தம். கீல் இடைவெளியில் வழிந்த பசையைச் சுரண்டி எடுத்ததும் என்னுடையது 'தொப்'பென்று விழுந்தது. புஷ்ராட், பெல்கிராங்க் எல்லாம் சேர்ந்த பிறகும் இந்தத் தளர்வு குறையக்கூடாது. கம்பி இழுவிசை குறைகிற தருணத்தில், உதாரணமாகத் தலைக்கு மேலே லூப் (செங்குத்தான வட்டம்) போடும்போது, இறுக்கமான எலிவேட்டர் கையின் பேச்சைக் கேட்காது.

வெளிப்பார்வைக்கு முடிந்துவிட்டது போலத் தெரியும்; ஆனால் எரிபொருள் படும் இடங்களைக் காப்பாற்ற வேண்டும். எஞ்சின் உட்காரும் இடம், டேங்க்குப் பின்னால், ஃபிலிம் முடியும் ஓரங்கள் எல்லாவற்றிலும் எபாக்ஸியை ஹேர் டிரையரால் சூடுகாட்டி இளக்கி, மெல்லிய பூச்சாகத் தடவினேன். சூட்டில் அது தண்ணீர்போல் இளகி மரத்துக்குள் இறங்கும். எரிபொருளிலுள்ள மெத்தனாலும் எண்ணெயும் ஒருமுறை பால்சாவுக்குள் ஊறிவிட்டால் பிறகு எந்தப் பசையும் அங்கே நிற்காது.

எரிபொருளில் எண்ணெய் 20 சதவீதத்துக்கு மேல், அதில் பாதியாவது விளக்கெண்ணெய் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். கண்ட்ரோல் லைன் எஞ்சின் பெரும்பாலும் ரிச் கலவையில் (காற்றோடு எரிபொருள் அதிகம்), முழு வேகத்துக்குக் கீழே ஓடுவது. மூக்கு மேலே போகும்போது கலவை கொஞ்சம் லீன் ஆகி (எரிபொருள் குறைந்து), சத்தம் மாறி, எஞ்சின் பலம் கூட்டும். மட்டத்துக்கு வந்ததும் தணியும். அந்தச் சத்த மாற்றத்துக்காகவே இன்னும் எலக்ட்ரிக்குக்கு மாறாமல் இருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: மெத்தனால் விஷம், தோல் வழியாகவும் உள்ளே போகும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பெயர் எழுதாத பாட்டிலில் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள்.

பேலன்ஸ் பார்த்தது கடைசியில், எல்லாம் மாட்டிய பிறகு, டேங்க் காலியாக இருக்கும்போது. சிறகின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் எடை மையம் வந்தால் பழகுவதற்குச் சாதுவாக இருக்கும். பெல்கிராங்கிலிருந்து வரும் லீட்-அவுட் கம்பிகள் சிறகு நுனியில் வெளியே வரும் இடத்தை அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தேன். மூக்கு வட்டத்துக்கு வெளியே பார்த்தபடி இருந்தால்தான் கம்பி தளராது. வலது சிறகு நுனிக்குள் ஈயத் துண்டு வைப்பது எதற்கென்றால், இடது பக்கம் கம்பிகளின் எடையையும் விமானம் சுமக்கிறதே, அதை ஈடுகட்ட.

கம்பிகள் 60 அடி நீளம், 0.015 அங்குலக் கனம், பல புரி முறுக்கிய எஃகு. இதில் சிக்கனம் வேண்டாம். ஒரு சுற்று சுமார் 5.3 விநாடி, அப்படியென்றால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம். ஒரு கிலோவை ஒட்டிய எடையுள்ள என் மாடல் மட்டமாகப் பறக்கும்போதே இரண்டரை கிலோவுக்கு மேல் கையை இழுக்கும். அதனால் அமெரிக்க ஸ்டண்ட் போட்டிகளில் செய்வதுபோல் மாடல் எடையின் பத்து மடங்குக்கு இழுத்துப் பார்த்தேன். அக்கா மகன் மாடலைப் பெல்கிராங்க் பக்கத்தில் பிடித்துக்கொண்டான். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை ஹேண்டிலில் மாட்டி 10 கிலோ காட்டும்வரை இழுத்தேன். முடிச்சுகள், கொக்கிகள், பெல்கிராங்க் திருகு எதுவும் அசையவில்லை.

கோயம்புத்தூரில் ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த விளையாட்டுக்கு இடம் தராது. அதனால் அதற்கு முன்பே ஒரு விடிகாலையில், கல்லூரி மைதானத்தில், மின்கம்பி எதுவும் பக்கத்தில் இல்லாத மூலையில் வட்டம் போட்டோம். கையில் இருப்பது எஃகுக் கம்பி; மின்கம்பி விஷயத்தில் 'பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது. ஹேண்டில் வார் மணிக்கட்டில். ஹேண்டிலை மேலே சாய்த்து, எலிவேட்டரும் மேலேதான் போகிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தேன், அக்கா மகன் மாடலை விட்டான்.

சிறிது தூரம் ஓடி எழும்பியது. தோளுயரத்தில் மட்டமாகச் சுற்றியது. இழுவிசை சீராக, திடமாக இருந்தது. சில சுற்றுகள் கழித்துக் காற்று போகும் திசையில் ஒரு லூப், அப்புறம் இன்னொன்று. எஞ்சின் மேலே ஏறும்போது குரல் மாற்றி, கீழே வந்ததும் பழையபடி ஆனது. அந்தச் சத்தத்தை இத்தனை வருடம் கழித்துக் கேட்டதில் எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். தலைகீழாகப் பறக்கவிட்டபோது எஞ்சின் கொஞ்சம் வேகமாக ஓடியது. டேங்க் உயரத்தில் உள்ள வித்தியாசம்தான் காரணம். டேங்க்கை லேசாகக் கீழே இறக்கியதும் சரியானது.

வலது சிறகு நேராகப் பறக்கும்போதும் தலைகீழாகவும் ஒரே மாதிரி கீழே சாய்ந்தது. ஒன்றில் கீழேயும் மற்றதில் மேலேயும் போயிருந்தால் சிறகில் முறுக்கல் மிச்சம் என்று அர்த்தம். இரண்டிலும் கீழே என்றால் நுனி எடை அதிகம். ஈயத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்த பிறகு இரண்டு நிலையிலும் மட்டமாக வருகிறது.

மாடல் இப்போது என் கைக்குச் சரி, ஆனால் முதல்முறை ஹேண்டில் பிடிக்கப் போகிற அக்கா மகனுக்கு எலிவேட்டர் அசைவு அதிகம். புஷ்ராடை எலிவேட்டரிலுள்ள ஹாரனின் (புஷ்ராட் மாட்டும் கொம்பு) வெளித் துளைக்கு மாற்றி அசைவைக் குறைத்து வைத்திருக்கிறேன். காற்று அடங்கியதும் அவன் முறை.